சின்னம்மாவின் போஞ்சிப் பாத்தி

மனிதர் தம் வாழ்முறையை மாற்றிக்கொள்வார்களா என்று சந்தேகப்படுகிறவர்கள் பதுளைப் பக்கத்து மலைகளைப் பார்க்கலாம். கோப்பிக்காகக் காடு அழிக்கப்பட்டது. 1869இல் இலங்கையில் தெரியவந்த இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று தீர்க்க, ஒரு தலைமுறைக்குள் மலையெல்லாம் தேயிலை. 1890இல் தோமஸ் லிப்டன் தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கியபோது கோப்பி பழங்கதையாகிக்கொண்டிருந்தது. இலாபம் கேட்டால் மலையே உடை மாற்றிவிடும்.

மண்ணுக்காக மாறும்படி அரசு சொன்னது 2021இல். மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது, நவம்பரில் விலக்கிக்கொண்டார்கள். 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை, அடுத்த வருடம் 25 கோடியாகச் சரிந்தது. இதைக் காட்டி 'இயற்கை முறை சோறு போடாது' என்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அப்புத்தளைக்கு அப்பால் இதல்கஸ்ஹின்ன தோட்டம் 1980களிலேயே இயற்கை முறைக்குத் திரும்பிவிட்டது. மண் பழக வருடங்கள் வேண்டும். ஒரே பருவத்தில் பழகு என்றால் செடிக்கு அரசாணை புரியுமா?

தடைக்காலத்தில், கொழுந்து பறிக்கும் எங்கள் சின்னம்மா கேட்டது வேறு: "உரம் போடலன்னா கொழுந்து எங்க வரும்? கிலோ கொறஞ்சா அரைப்பேருதானே போடுவாங்க?" அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். அந்த வருடம்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது, கூடவே பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவும் ஏறியது.

அதே சின்னம்மா தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் போஞ்சிப் பாத்தி வைத்திருக்கிறார். கவ்வாத்து மிலாரை அடுப்பில் எரித்து, அந்தச் சாம்பலைச் சாணியோடு கலந்து, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி வளர்ப்பார். எந்தப் பயிற்சிப் பட்டறையும் அவருக்கு அதைச் சொல்லித் தரவில்லை. மலையில் கிலோக் கணக்கு. பாத்தியில் அவர் கணக்கு. ஆள் ஒருவர்தான்.

ஆகவே சொந்தக் காணி கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று எழுதத் தோன்றும். வெலிமடைப் பக்கம் போனால் அதுவும் உதைக்கிறது. சொந்த நிலத்தில்தான் உருளைக்கிழங்குக்கு மருந்து அடிக்கிறார்கள், சந்தை விலையும் கடன் தவணையும் துரத்த. தோட்டத்துரைக்குப் பதில் வட்டிக்காரர், அவ்வளவுதான்.

ஆனாலும் காணியை விட்டுவிட முடியவில்லை. லயத்தில் இலைக்கறி நடுகிறவர் உண்டு, பலாவை நடுகிறவர் குறைவு. இலைக்கறி மூன்று வாரத்தில் கைக்கு வரும். பலா காய்க்கப் பல வருடம் பிடிக்கும், அதுவரை அந்த இடம் நமக்கு என்று சொல்ல லயத்துக்காரரிடம் கடதாசி இல்லை. வீட்டுத்திட்டங்கள் பலவற்றில் கொடுத்தது ஏழு பேர்ச்சஸ் நிலம். வீடு போக மிஞ்சுவதில் ஒரு பலா நிற்கலாம். பக்கத்து வீட்டுக் கூரைமேல் கிளை சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.