அந்த மண்தடத்துக்கும் கணக்கு இருக்கிறது!

உளுந்தூர்பேட்டை என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார். அதில் உளுந்து இருக்கிறது, பேட்டையும் இருக்கிறது. சரக்கு வண்டிகள் வந்து மாட்டை அவிழ்த்துப் போட்ட சந்தைக்குத்தான் பேட்டை என்று பெயர். சென்னையிலிருந்து வரும் சாலை, திருச்சிக்கு ஒன்றும் சேலத்துக்கு ஒன்றுமாகப் பிரிகிற இடம் என்றுதான் இன்று பலருக்கும் இந்த ஊரைத் தெரியும். நீ அந்த நாற்கரச் சாலையை விட்டுக் கீழே இறங்கு. முந்திரித் தோப்புக்கும் மல்லாட்டைக் கொல்லைக்கும் நடுவே ஒரு மண்தடம் போகும். இரண்டு பக்கமும் சக்கரப் பள்ளம், நடுவில் புல். அந்தத் தடத்துக்கு யாரும் டெண்டர் விட்டதில்லை. உன் தாத்தாவின் வண்டியும் மாடும் நடந்து நடந்து போட்ட தடம் அது.

அதில் ஒரு நாள் காலை முள்வேலி நிற்கிறது. "இது பட்டா நிலம், இந்தப் பக்கம் வராதே" என்கிறார் ஒருவர். நீ தலையைக் குனிந்துகொண்டு சுற்றுவழியில் போகிறாய். மறுநாளும் சுற்றுகிறாய். நெல் மூட்டையைத் தலையில் சுமக்கிறாய், டிராக்டரை மெயின் ரோட்டிலேயே நிறுத்துகிறாய். ஏன் தம்பி? ஏன் தங்கச்சி? அவர் சொன்னது உண்மையா பொய்யா என்று உனக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் உன் கழுத்தைக் குனிய வைக்கிறது. வேலிக்கு அந்தச் சக்தி கிடையாது.

நானும் அப்படிக் குனிந்து நின்றவன்தான். பல வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் பாதை அடைபட்டதைச் சொல்லப் போனேன். "சர்வே நம்பர் என்ன?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. "தெரிஞ்சிக்கிட்டு வாங்க" என்றார்கள். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோது முகம் எரிந்தது. இன்னொரு முறை வெறுங்கையோடு இந்தப் படி ஏறுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நான் கற்றதை நீ ஒரு வாரத்தில் கற்றுவிடலாம்.

முதலில் நிலவரைபடம். 1767இல் தொடங்கிய இந்திய நில அளவைத் துறை இந்த நாட்டையே தாள் தாளாக வரைந்து வைத்திருக்கிறது. அந்தப் பழைய வரிசை எண்ணில் உளுந்தூர்பேட்டை 58எம் தாளிலும், கல்வராயன் மலை 58ஐ தாளிலும் வரும். இந்தத் தாள்களுக்கு அடித்தளமான மாபெரும் முக்கோண அளவையின் முதல் கோடு எங்கே விழுந்தது தெரியுமா? நம் பரங்கிமலையில்! 1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்டன் அங்கே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 1808இல் தஞ்சாவூரில் கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது அவருடைய அரை டன் எடையுள்ள, கோணம் அளக்கும் தியோடலைட் கருவி மோதி நசுங்கியது. மனிதர் கூடாரத்துக்குள் உட்கார்ந்து தன் கையாலேயே அதைச் சரிசெய்து, அளவையைத் தொடர்ந்தார். அவருக்காகச் சங்கிலி பிடித்தும் கொடி தூக்கியும் காடு மேடெல்லாம் நடந்தவர்கள் நம் ஆட்கள். அவர்கள் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அவர்கள் நடந்து உண்டாக்கிய படத்தைப் படிக்க உனக்கு என்ன தயக்கம்?

இன்று 50,000க்கு 1 என்ற அளவில் வரைந்த தாளைப் பார்க்க யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. 2005இன் தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கென்று தனி வரிசையே கொடுத்தது. 2017இல் அதை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளவும் வழி செய்தார்கள். தாளில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர். ஓரத்தில் உள்ள குறிவிளக்கத்தை முதலில் படி. தார்ச்சாலைக்கு ஒரு குறி, மண்சாலைக்கு ஒன்று, வண்டித்தடத்துக்கு ஒன்று, பொதிமாடு போகும் தடத்துக்கு ஒன்று, ஒற்றையடிப் பாதைக்கு ஒன்று. சாலை மெலிய மெலியக் கோடும் மெலிந்து, விட்டு விட்டு ஓடும். உன் தாத்தாவின் தடம் அந்த விட்டு ஓடும் கோட்டில் இருக்கிறதா என்று தேடு. கண்ணில் பட்ட அந்த நொடியில் உன் முதுகு நிமிரும், பார்!

ஆனால் அதோடு நின்றுவிடாதே, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நிலவரைபடம் தடம் இருந்ததைக் காட்டும்; அதில் நடக்கும் உரிமை யாருடையது என்று சொல்லாது. மூன்று மீட்டர் அகலத் தடம் அந்த அளவில் ஒரு மயிரிழைகூட வராது. அதனால்தான் கோடாக, குறியாக வரைகிறார்கள். அந்தக் குறியை வைத்து எல்லை பேச முடியாது. பிரிட்டனின் வரைபடங்களில் பாதை வரைந்திருப்பது வழியுரிமைக்குச் சான்றாகாது என்றே அச்சடித்திருப்பார்கள். அந்த நாட்டில் 1932இல் கிண்டர் ஸ்கவுட் மேட்டு நிலத்தில் நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் நடக்கும் உரிமை கேட்டுத் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் வந்த சட்டம் பொதுப் பாதைகளைச் சட்டப்படியான வரைபடத்தில் பதியச் சொன்னது.

நீ சிறைக்குப் போக வேண்டியதில்லை. உரிமையைப் பேசும் தாள் உன் கிராமக் கணக்கிலேயே இருக்கிறது: புலப்படம், அதாவது எல்லோரும் எஃப்.எம்.பி. என்று சொல்வது, அதோடு 'அ' பதிவேடு. தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் (அதுதான் சர்வே நம்பர்) கொடுத்தால் இரண்டும் வரும். ஓர் எண் புறம்போக்கா என்று பார்க்கவும் அங்கேயே வசதி உண்டு. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே 'வண்டிப்பாதை' என்று இருந்தால் அது ஊர்ச் சொத்து, வேலி போட ஒருவருக்கும் உரிமை இல்லை. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அதை அகற்றச் சொல்லித் தாசில்தாரிடம் எழுது. எண்ணோடு எழுது, அகலத்தோடு எழுது. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள்.

தடம் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடினால்? அப்போதும் கை விரிக்காதே. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் என்ன சொல்கிறது என்றால், 20 ஆண்டுகள் ஒளிவுமறைவில்லாமல், சண்டையில்லாமல், இடைவெளியில்லாமல் உரிமையோடு நடந்த வழி உனக்கு உரிமையாகும். ஆனால் தடுக்கப்பட்ட பிறகு இரண்டு ஆண்டுக்குள் நீதிமன்றம் போக வேண்டும். "பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டு இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு. தயவு செய்து நீ தவறவிடாதே.

கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணைக்கு மேலே ஏறினால் கதை வேறு. ஜாகீர்தார்கள் கையில் இருந்த கல்வராயன் மலை 1976இல்தான் முழுவதுமாக அரசின் கைக்கு வந்தது. அந்த மக்களின் வாழ்நிலையை 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது. அங்கே தடம் காப்புக்காட்டுக்குள் நுழைந்தால் பட்டாப் பேச்சு செல்லாது. வெளியூரிலிருந்து மலை பார்க்க வருகிறவர் வனத்துறை அனுமதி இல்லாமல் வரைபடக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. ஆனால் மலையில் பிறந்த தங்கச்சி, உனக்கு 2006இன் வன உரிமைச் சட்டம் இருக்கிறது! ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தில், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், சாலை போட இடம் கேட்கலாம். கிராம சபை பரிந்துரைத்தாக வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. கர்ப்பிணியைத் தூளி கட்டித் தூக்கிப் போகும் ஊருக்கு, இதைவிடப் பெரிய தீர்மானம் என்ன இருக்கிறது?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருடத்தில் ஆறு கிராம சபை. அடுத்தது எது என்று நாட்காட்டியைப் பார். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறும் முன், புலப்படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் சர்வே கல்லிலிருந்து கடைசிக் கல் வரை நட. அடைபட்ட இடத்தைப் படம் எடு. பக்கத்து வீட்டு ஆயாவையும் கூட்டிக்கொண்டு போ. எந்தப் புளியமரத்தடியில் வண்டி திரும்பியது என்று அவருக்குத்தான் தெரியும்.