பங்குகள் முழுமையை மீறும்போது

ஒரு தொகுதியில் பாதி எத்தனை, மூன்றில் ஒன்று எத்தனை என்று கேட்கும் பள்ளிக் கணக்குகளில் சொல்லாமலே ஓர் உறுதி அடங்கியிருக்கிறது: பங்குகளையெல்லாம் கூட்டினால் தொகுதியை மிஞ்சாது. கணக்கை அமைப்பவர் அதைப் பார்த்துக்கொள்கிறார். இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டத்தில் அந்த உறுதி கிடையாது. அங்கே பின்னங்களை வேதம் வகுத்திருக்கிறது. இறந்தவருக்குப் பின் யார் யார் எஞ்சுகிறார்கள் என்பதோ குடும்பத்துக்குக் குடும்பம் மாறுகிறது. இறைவன் விதித்த பங்குகள் கூடி முழுச் சொத்தையும் தாண்டினால் எந்தப் பங்கைக் குறைப்பது, எந்த உரிமையில் குறைப்பது என்பது மார்க்க அறிஞர்கள் நீண்ட காலம் விவாதித்த கேள்வி.

குர்ஆனின் 4ஆம் அத்தியாயமான அந்நிஸாவில் 11, 12, 176ஆம் வசனங்கள் இப்பங்குகளைக் கூறுகின்றன. வருகிற பின்னங்கள் ஆறுதான்: அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. பிள்ளை இல்லாத மனைவி இறந்தால் கணவனுக்கு அரை. பிள்ளை இருந்தால் கால். கணவன் இறந்தால் மனைவிக்கு அதே வரிசையில் கால், அரைக்கால். மகன் இல்லாமல் இரண்டோ அதற்கு மேலோ மகள்கள் இருந்தால் அவர்களுக்குச் சேர்த்து மூன்றில் இரண்டு. பிள்ளை இருக்கையில் தாய், தந்தை ஒவ்வொருவருக்கும் ஆறில் ஒன்று. அடக்கச் செலவு, கடன், மரண சாசனம் ஆகியவை போக எஞ்சுவதே பங்கிடத்தக்க சொத்து.

பங்கிடும் முறை எளியது. எல்லாப் பின்னங்களுக்கும் பொதுவான மிகச் சிறிய பகுதியை எடுத்து, சொத்தை அத்தனை கூறுகளாகக் கருத வேண்டும். மனைவியும் மூன்று மகன்களும் வாரிசுகள் என்றால் பகுதி 8. மனைவிக்கு 1 கூறு, மகன்களுக்கு 7. 7 கூறுகளை மூவர் சமமாகப் பிரிக்க முடியாது. எனவே 8ஐ 3ஆல் பெருக்கி 24 கூறுகளாக்குவார்கள். மனைவிக்கு 3, ஒவ்வொரு மகனுக்கும் 7. இத்தகைய கணக்குகளின் தேவை கணிதத்தையும் வளர்த்தது. அல்குவாரிஸ்மி 9ஆம் நூற்றாண்டில் எழுதிய இயற்கணித நூலின் பெரும் பகுதி மரண சாசனம், வாரிசுப் பங்கு பற்றிய கணக்குகளே.

சிக்கல் கலீஃபா உமரின் ஆட்சிக்காலத்தில் (634–644) எழுந்ததாகச் சொல்லப்படுகிறது. பிள்ளையின்றி இறந்த ஒரு பெண்ணுக்குக் கணவனும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் வாரிசுகள். கணவனுக்கு அரை, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. பகுதி 6 என்றால் 3 கூறும் 4 கூறும் சேர்ந்து 7. உமர் கலந்தாலோசித்த பின், பகுதியையே 7 ஆக்கி எல்லாரிடமும் விகிதப்படி குறைத்தார். கடனாளியின் சொத்து போதாதபோது கடன் கொடுத்தவர்கள் நட்டத்தை விகிதப்படி ஏற்பதுபோல என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். இம்முறைக்கு அவ்ல் என்று பெயர். வாரிசுரிமையில் வரக்கூடிய ஏழு பகுதிகளில் 6, 12, 24 ஆகிய மூன்று மட்டுமே இப்படி மிகும்.

நான்காம் கலீஃபா அலீ பிரசங்க மேடையில் நின்றபடியே தீர்த்ததாக மரபு கூறும் வழக்கு 24க்கு உரியது. வாரிசுகள் மனைவி, இரு மகள்கள், தாய், தந்தை. சொத்து 216 பொற்காசு என்று கொண்டால், மனைவிக்கு 27, மகள்களுக்கு 144, பெற்றோருக்குத் தலைக்கு 36 வர வேண்டும். கூட்டினால் 243, 27 காசு மிகை. அவ்ல் முறைப்படி 24 கூறுகள் 27 ஆகின்றன. மனைவிக்கு 24, மகள்களுக்கு 128, பெற்றோருக்குத் தலைக்கு 32. மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிடுகிறது.

நபித்தோழர் இப்னு அப்பாஸ் அவ்லை ஏற்கவில்லை. மணல் துகள்களைக்கூட எண்ணி அறிந்த இறைவன் ஒரு சொத்துக்குள் அடங்காத பங்குகளை விதித்திருக்க மாட்டான் என்பது அவர் வாதம். கணவன், மனைவி, தாய் ஆகியோரின் பங்கு குறைந்தாலும் இன்னொரு திட்டமான பின்னத்தில் நிற்கும். மகளும் சகோதரியுமோ ஆண் உடன்பிறப்பு இருந்தால் திட்டமான பங்கை இழந்து எஞ்சியதைப் பெறுபவர்கள். ஆகவே குறை பின்னவர்களையே சேரும். ஷியாக்களின் இமாமியப் பிரிவும் அவ்லை மறுக்கிறது. அதன்படி மேற்கண்ட 216 காசில் மனைவிக்கு 27, பெற்றோருக்குத் தலைக்கு 36, மகள்களுக்கு எஞ்சிய 117.

இரு தரப்பும் வேதத்துக்கு விசுவாசமாக இருப்பதாகவே கருதுகின்றன. பின்னம் என்றால் என்ன என்பதில்தான் வேறுபடுகின்றன. இமாமியருக்கு அரைக்கால் என்பது சொத்தின் அரைக்கால். அது மாறாது, ஆனால் யாருடைய பங்கு முந்தியது என்ற வரிசை தேவைப்படும். அவ்லை ஏற்கும் சுன்னிகளுக்குப் பங்குகள் ஒன்றோடொன்று கொண்ட உறவு மாறாது. மனைவிக்கும் மகள்களுக்கும் இடையே மூன்றுக்குப் பதினாறு என்ற விகிதம் 24இலும் 27இலும் அதேதான். மகனுக்கு இரு மகள்களின் பங்கு என்று 11ஆம் வசனமும் விகிதமாகப் பேசுவது இவர்களுக்கு இணக்கமானது.

பங்குகள் முழுமைக்குக் குறைவாக வரும் வழக்குகளும் உண்டு. தாயும் ஒரு மகளும் மட்டும் இருந்தால் ஆறில் ஒன்றும் அரையும் சேர்ந்து ஆறில் நான்கே ஆகும். எஞ்சியது பொதுக் கருவூலத்துக்கு என்றார் நபித்தோழர் ஸைத் இப்னு ஸாபித். அதை வாரிசுகளுக்கே விகிதப்படி திருப்புவது ரத்து எனப்படும் முறை. தாய்க்குக் கால், மகளுக்கு முக்கால் கிடைக்கும். ஆனால் பெரும்பான்மை அறிஞர்கள் கணவன் மனைவியருக்கு ரத்தில் இடம் தரவில்லை. திருப்புதல் இரத்த உறவால் வருவது, திருமண பந்தம் மரணத்தோடு முடிகிறது என்பது அவர்கள் கூறும் காரணம். மிகும்போது குறையைச் சுமக்கும் துணைவருக்கு எஞ்சும்போது பங்கில்லை. இரண்டு வழக்கிலும் கூட்டல் ஒன்றுதான். யாரைக் கூட்டலில் சேர்ப்பது என்பதைக் கணக்கு சொல்வதில்லை, உறவு பற்றிய தீர்ப்பே சொல்கிறது.