பயத்தை விடு, புகாரை எழுது!

ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறுகிறாய். பொத்தேரியோ தாம்பரமோ, உன் கல்லூரி எங்கேயோ, அங்கே இறங்குகிறாய்.

பையில் புத்தகம். மனசு முழுக்க அந்த ஆள்!

வகுப்பில் உன் சாதியைச் சொல்லிச் சிரித்தவரா? ஆய்வகத்தில் கை வைத்தவரா? ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் "தூங்கிட்டியா?" என்று கேட்கும் கைடா?

யாரிடமாவது சொன்னாயா? ஏன் சொல்லவில்லை?

"மார்க்கில் கை வைத்துவிடுவார்" என்கிறாய்.

அதற்கும் வழி இருக்கிறது! விசாரணை முடியும்வரை உன் விடைத்தாளையும் ப்ராஜெக்ட்டையும் அந்த ஆள் திருத்தக் கூடாது என்று கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் கேள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிகள் அதற்கு இடம் தருகின்றன. மாணவிக்கு மட்டுமல்ல, மாணவனுக்கும் திருநருக்கும்தான்.

"ஆதாரம் இல்லையே!"

2013-இன் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தைப் படித்தாயா? நிரூபிக்க முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் புகார் கொடுத்தவர் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. நீ சொல்வது பொய்யா? இல்லையே! பிறகென்ன நடுக்கம்?

உட்கார். எழுது.

எந்தத் தேதி? எந்த அறை? எத்தனை மணி? அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை என்ன? அதே வார்த்தையை எழுது! "தவறாக நடந்துகொண்டார்" என்று மழுப்பாதே. கூசுகிறதா? கூச வேண்டியது நீயல்ல!

அந்த வாட்ஸ்அப்பை அழிக்காதே. ஸ்கிரீன்ஷாட் எடு. அப்போது கதவருகே நின்றது யார்? வெளியே வந்ததும் யாரிடம் அழுதாய்? அவர்களைச் சாட்சியாகப் போடு. ஆறு பிரதி எடு. உள்ளகப் புகார்க் குழுவில் கொடு. வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்காமல் அந்த அறையை விட்டு நகராதே!

"நான் ஒருத்தி என்ன செய்ய?"

மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை உனக்குத் தெரியும். அது தொடங்குகிற திருவான்மியூரில்தான் கலாஷேத்ரா நடனக் கல்லூரி. அங்கே பாலியல் புகார் கிளம்பியபோது நிர்வாகம் வதந்தி என்றது. அடங்கினார்களா மாணவிகள்? 2023 மார்ச் கடைசியில் வளாகத்திலேயே உட்கார்ந்தார்கள். நிர்வாகம் கல்லூரியை மூடியது. விடுதியைக் காலி செய்யச் சொன்னது. மாணவிகள் எழுந்தார்களா? இல்லை!

மாநில மகளிர் ஆணையத் தலைவர் ஏ.எஸ்.குமாரி நேரில் வந்தார். ஏறக்குறைய 90 பேர் எழுதிக் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 3-ஆம் தேதி உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். யார் கொடுத்த புகாரில்? பழைய மாணவி ஒருத்தி கொடுத்த புகாரில். ஒருத்தி! ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் விசாரணைக் குழுவும் வந்தது.

சாதிக் கொடுமை என்றால் மட்டும் பொறுத்துப் போகலாமா? கூடாது! ஹைதராபாத்தில் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவை 2016-ல் இழந்தோம். மும்பையில் மருத்துவர் பாயல் தட்வியை 2019-ல் இழந்தோம். பெற்ற வயிறு எரிய, அந்த இரண்டு தாய்மாரும் அதே 2019-ல் உச்ச நீதிமன்றப் படி ஏறினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்தத் தெம்பு வந்தது. உயிரோடு இருக்கிற உனக்கு வராதா? நீ பட்டியல் சாதியா, பழங்குடியா? 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உன் பக்கம் நிற்கிறது. காவல் நிலையத்துக்கே போ!

புகார்க் குழுவில் உட்காரும் பேராசிரியர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கோவா பல்கலைக்கழகத்தில் 2009-ல் மாணவிகள் கொடுத்த பாலியல் புகார். குழு அவசரப்பட்டு விசாரித்தது என்று சொல்லி, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பி அனுப்பியது. பதினான்கு வருஷம்! எதிர்த்தரப்பையும் முறையாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் தண்டனை நிற்காது. அந்தப் பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டிவரும்.

சரி, நீ இன்னும் யோசிக்கிறாயா?

பாலியல் புகாருக்குக் கெடு மூன்று மாதம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். விசாரணையை 90 நாளில் முடித்தாக வேண்டும். அது அவர்கள் கணக்கு.

உன் கணக்கைப் பார். நடந்தது எந்தத் தேதி? எத்தனை நாள் போய்விட்டது? எத்தனை நாள் மிச்சம்?