பசை என்றொரு பெயர்

வட்டக்கோட்டை வட்டமாக இல்லை, ஏறக்குறைய நீள்சதுரம். போன மாதம் அப்பாவைக் கூட்டிப்போயிருந்தேன். கடல் பக்கத்து மதிலில் கைவைத்தபடி, "இதுக்கு வட்டம்னு எவன் பேரு வச்சான் மக்ளே?" என்றார். எங்கள் பக்கத்தில் யாரையும் மக்ளே என்று கூப்பிடலாம். நான் அவர் மகன் என்பது அன்று காலையிலிருந்தே அவர் நினைவில் இல்லை. கேள்வி என்னவோ சரியானதுதான்.

மூளையில் நரம்பணுக்களுக்கு இடையே கிடந்ததற்கு 1856இல் ருடால்ஃப் விர்ச்சோ நியூரோக்ளியா, அதாவது நரம்புப் பசை, என்று பெயர் வைத்தார். பசை என்று ஆனபின் அதனிடம் கேட்க என்ன இருக்கிறது? மின்துடிப்பை அளக்கும் கருவிகள் வந்தபோதும் நரம்பணுதான் பேசிற்று. கருவிக்குக் கேட்காததை ஊமை என்று வைத்துக்கொண்டோம்.

பிறகு, பரிகாரம் போல, எதிர்த்திசையில் ஒரு மிகை. கிளியா அணுக்கள் நரம்பணுக்களைவிடப் பத்து மடங்கு என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 1985இல் ஐன்ஸ்டீன் மூளையின் நான்கு பகுதிகளில் ஒன்றில் கிளியாவின் விகிதம் அதிகம் என்று மரியன் டயமண்ட் குழு எழுதியதும், மேதைமையின் இருப்பிடமே அதுதான் என்ற பேச்சு கிளம்பிற்று. 2009இல் பிரேசில் விஞ்ஞானிகள் எண்ணிச் சொன்ன கணக்கில் நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி, மற்றவை சுமார் 8,500 கோடி. வேலைக்காரனை ராஜாவாக்கிப் பார்க்கும் ஆசை நம் இலக்கிய விமர்சனத்துக்கு மட்டும் உரியதல்ல போலும்.

என்னை உறுத்துவது மைக்ரோகிளியா. ஸ்பெயினின் ரியோ ஒர்த்தேகா 1919இல் தனியாக இனங்கண்டது. செத்த அணுக்களைத் தின்று அப்புறப்படுத்தும் காவல். வளரும் மூளையில் மிகையான இணைப்புகளை விழுங்கி அதை ஒழுங்குசெய்வதிலும் அதற்குப் பங்குண்டு. 2016இல், அல்ஸைமர் நோய்க்கூறு உண்டாக்கப்பட்ட எலிகளில் அதே விழுங்கல் வேளைகெட்ட வேளையில் திரும்பத் தொடங்குவதைக் கண்டார்கள். மனிதரில் இது எவ்வளவு தூரம் உண்மை என்பதை மனித மூளையில்தான் பார்க்க வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளைத் திசுக்களைச் சேமித்து வைப்பது இம்மாதிரிக் கேள்விகளுக்காகத்தான்.

அப்படியானால் அப்பாவை அப்பாவாகச் செதுக்கியதும் இன்று அவரை அழிப்பதும் ஒரே கையாக இருக்கலாம். துரோகம் என்ற சொல் வாயில் வருகிறது. ஆனால் செயல் மாறவில்லை, வேளைதான் மாறியிருக்கிறது. இதில் துரோகம் எங்கே? 1741இல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படையின் டிலனாய் பிறகு மார்த்தாண்ட வர்மாவின் தளபதியாகி இந்தக் கோட்டையைக் கட்டுவித்தார். எதிரி காவலாளியானதற்குக் காரணம் சொல்லலாம், புகழலாம், சந்தேகிக்கலாம். அணுவை என்ன செய்ய? அங்கே கண்டிக்க யாருமில்லை. என் கோபம் மட்டும் இருக்கிறது. சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்கும்போது அது அப்பாமேல் இறங்குகிறது. மைக்ரோகிளியாவைப் படித்துத் தெரிந்துகொண்டதால் இது ஒரு நாளும் குறையவில்லை.

கோட்டை வாசலில் இரண்டாம் முறை கேட்டார். பஸ்ஸுக்கு நிற்கையில் மூன்றாம் முறை. "தெரியாதுப்பா" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவும் யாரைச் சொல்கிறேன் என்று திரும்பிப் பார்த்தார்.