சின்னச் செய்திகள் வீண் பேச்சா?



முற்றத்து முருங்கை இம்முறை நன்றாகப் பூத்திருக்கிறது; சின்னவனுக்கு இரண்டாவது பல்லும் முளைத்துவிட்டது; ஆவணி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கசூரினாக் கடற்கரைக்குப் போய் வந்தோம். நண்பர் இருவர் படலையடியில் சந்தித்தாலும், தொலைபேசியில் கதைத்தாலும், பெரும்பாலும் பரிமாறிக்கொள்வது இத்தகைய செய்திகளையே. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழும் சிநேகிதியும், கோடை பிறந்ததும் தன் வீட்டுப் பின்வளவில் தக்காளி காய்த்ததையும், குடும்பமாக ஏரிக்கரைக்குச் சென்றதையும் ஆவலோடு சொல்கிறாள். இவற்றால் எவருடைய அறிவும் பெருகப்போவதில்லை. எவருடைய கையிலும் காசு சேரப்போவதில்லை. அப்படியானால் இவை வீண் பேச்சுத்தானா?

இக்கேள்வியை அற்பமென்று தள்ளிவிட முடியாது. வள்ளுவர் ‘பயனில சொல்லாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். வீணாகப் பேசியவற்றுக்கும் தீர்வை நாளில் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று நற்செய்தியும் எச்சரிக்கிறது. ஆனால் அதே வள்ளுவர், நட்பையும் அதைச் சார்ந்தவற்றையும் பற்றி 79ஆம் அதிகாரம் முதல் 83ஆம் அதிகாரம் வரை அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள் பாடியிருக்கிறார். பேச்சில்லாமல் நட்பு வளருமா? ஆகவே, ஒரு சொல்லின் ‘பயன்’ எதில் அடங்கியுள்ளது என்பதையே நாம் முதலில் தெளிந்துகொள்ள வேண்டும்.

கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில் ஒழுக்கவியல் பற்றிய தமது பெருநூலின் பத்துப் பகுதிகளில் இரண்டை முழுமையாக நட்புக்கே ஒதுக்கினார். பயன் கருதிய நட்பு, இன்பம் கருதிய நட்பு, நற்குணம் கருதிய நட்பு என அவர் மூவகை காண்கிறார். முதலிரண்டும் காரணம் தீர்ந்தவுடன் தாமும் தீர்ந்துவிடும். மூன்றாவதே நிலைக்கும், ஆயினும் அதற்குக் காலம் வேண்டும், பழக்கம் வேண்டும். மாடுகள் ஒரே வெளியில் மேய்வதுபோல மனிதர் அருகருகே இருப்பது கூடி வாழ்தலாகாது; சொல்லையும் எண்ணத்தையும் பகிர்வதே மனிதருக்குரிய கூடி வாழ்தல் என்பது அவர் கருத்து. சேர்ந்து உப்புண்ணாதவர் ஒருவரையொருவர் அறிய முடியாது என்ற அக்காலப் பழமொழியையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். முருங்கை பூத்த செய்தியும் பல் முளைத்த செய்தியும் அந்த உப்பைப் போன்றவையே. ஒவ்வொன்றும் ஒரு கல் உப்புத்தான்; அது இல்லாவிட்டால் உணவு முழுவதும் சப்பென்று போய்விடும்.

இதன் விளைவை அன்றாட வாழ்வில் காணலாம். வாரந்தோறும் தன் தோட்டத்தைப் பற்றிச் சொல்லுகிற நண்பர், ஒரு வாரம் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. “என்ன, உடம்புக்குச் சுகமில்லையா? வீட்டில் ஏதும் கஷ்டமா?” என்று யார் கேட்பார்? வாரந்தோறும் அதைக் கேட்டுவந்தவரே கேட்பார். காரியம் இருந்தால் மட்டும் பேசுகிறவருக்கு அந்த மௌனம் புலப்படாது. துன்ப நாளில் மனந்திறக்கும் உரிமை, முன்னரே சின்னச் செய்திகளால் சிறுகச் சிறுகச் சேர்த்த உரிமையாகும்.

புனித தோமஸ் அக்குவினாஸ் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். பிறரோடு இனிமையாகப் பழகுவதை அவர் நீதி என்னும் புண்ணியத்தோடு சேர்த்துப் பேசுகிறார். உண்மையில்லாமல் மனித சமுதாயம் நிலைக்காதது போலவே மகிழ்ச்சியில்லாமலும் நிலைக்காது; ஆகவே இன்முகம் நாம் ஒருவருக்கொருவர் கொடுக்க வேண்டிய கடன் என்கிறார். சுகம் விசாரிப்பது தயவு அன்று, கடன் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

மறைநூலிலும் சின்னச் செய்திகளுக்கு இடமுண்டு. திமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், சிறையில் மரணத்தை எதிர்நோக்கியிருக்கும் புனித சின்னப்பர், துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த போர்வையைக் கொண்டுவரச் சொல்கிறார். ஒரு தோழனை நோயாளியாக மிலேத்தில் விட்டுவந்ததைத் தெரிவிக்கிறார். குளிர்காலத்துக்கு முன் வந்து சேரும்படி வேண்டுகிறார். விசுவாசத்தின் பெரிய உண்மைகள் எழுதப்பட்ட அதே தாளில் போர்வையும் சுகவீனமும் எழுதப்பட்டுள்ளன.

இரண்டாம் உலகப் போரில் பகை நாடுகளால் பிரிக்கப்பட்ட குடும்பங்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் ஒரு சிறு படிவத்தை வழங்கியது. 25 சொற்களுக்கு மேல் எழுத முடியாது. குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம். தணிக்கையாளர் வாசித்த பின்னரே அது போய்ச் சேரும். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட செய்திகள் இவ்வாறு சென்றன. எமது நாட்டுப் போரின்போதும் செஞ்சிலுவைச் செய்தித்தாளுக்காகக் காத்திருந்தோர் பலர். எல்லாம் பறிபோன வேளையிலும் மனிதர் காத்திருந்தது, பிள்ளை வளர்கிறது, அம்மா சுகம் என்ற செய்திக்கே. அதை வீண் பேச்சென்று யார் சொல்வார்?

எனினும் எல்லா அன்றாடப் பேச்சும் நல்லதாகிவிடாது. அடுத்த வீட்டாரின் மறைவான காரியத்தைச் சொல்வது செய்தி பகிர்தல் அன்று, புறங்கூறுதல். நம் வளவையும் பயணத்தையும் காட்டி மற்றவரைச் சிறுமைப்படுத்துவது நட்பன்று, பெருமை. சொல்லிக்கொண்டே போய், மற்றவரைக் கேளாதிருப்பதும் பகிர்தல் ஆகாது.

இவற்றைவிடக் கடினமான கேள்வியொன்றும் உண்டு. 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, பல்லாண்டுகள் தம் வளவைக் கண்ணாலும் காணாதிருந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரும் உண்டு. அவர்களிடம் நமது மாமரம் காய்த்ததையும், நமது மகனின் கெட்டித்தனத்தையும் சொல்லலாமா? சொன்னால் புண்படுமோ என்று அஞ்சிப் பலர் பேச்சையே குறைத்துக்கொள்கிறார்கள். அந்த அச்சத்தில் அன்பு உண்டு. ஆனால் அதனால் துயரப்பட்டவர் இழந்ததோடு, ஊர்ப் பேச்சையும் இழக்கிறார். ஆறுதல் சொல்ல மட்டுமே எல்லோரும் வருகிறார்கள், கதைக்க ஒருவரும் வருவதில்லை. எனவே மௌனம் வழியன்று. முதலில் அவருடைய செய்தியைக் கேட்போம். அவர் வளவில் நின்ற மரங்களைப் பற்றி விசாரிப்போம். பிள்ளையின் பெயரைச் சொல்லத் தயங்காதிருப்போம். அவர் முகம் பார்த்து, அவர் கேட்கும் அளவுக்கு நம்முடையதையும் சொல்வோம். அளவை முடிவு செய்யும் உரிமை அவருடையது.

இன்று கைத்தொலைபேசியில் ஒரு படத்தை ஒரே நொடியில் நூறு பேருக்கு அனுப்பிவிடலாம். அதில் குற்றமில்லை. ஆனால் நூறு பேருக்கும் பொதுவாகச் சொன்னதை, உனக்கென்று சொன்னதாக எவரும் ஏற்பதில்லை. கடற்கரைப் படத்தோடு, “நாம் முன்பு சேர்ந்து வந்த இடம், நினைவிருக்கிறதா?” என்று ஒருவருக்கென ஒரு வரி எழுதினால் அது கடிதமாகிவிடும்.

அன்பர்களே, அலுவல் இருந்தால் மட்டுமே நீங்கள் அழைக்கும் நண்பர் யாராவது இருக்கக்கூடும். இந்த வாரம் அலுவல் எதுவுமின்றி அவரை அழையுங்கள். கத்தரி காய்த்ததா, பேரப்பிள்ளை நடக்கிறதா என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டிருங்கள். உங்கள் முருங்கையைப் பற்றிப் பிறகு சொல்லலாம்.