ஜீப்புக்கு உண்டு காப்பீடு

மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவில் குழப்பம் எதுவும் இல்லை. மூன்றாம் நபர் காப்பீடு எடுக்காத வண்டி பொதுச்சாலையில் ஓடக்கூடாது. கூடலூர், கம்பம், போடி என்று தேனி மாவட்டப் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து விடியுமுன்னே ஆள் ஏற்றிக்கொண்டு கேரளத்து இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு மலையேறும் ஜீப்புகளுக்கும் இது பொருந்தும். குமுளி வழியாகவோ, கம்பம்மெட்டு வழியாகவோ, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டு வழியாகவோ போகிற அந்த வண்டிக்காரரிடம் காப்பீடு எடுக்க விருப்பமா என்று யாரும் கேட்பதில்லை. எடுக்காவிட்டால் அபராதம். ஆனால் காய் எடுக்க அந்த ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போகும் பெண்களின் உடம்புக்கு அப்படி ஒரு கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை. தகரத்துக்கு உள்ள கட்டாயம் உடம்புக்கு இல்லை.

இருக்க வேண்டுமா? ஒருவர் தன் உடம்புக்குக் காப்பீடு எடுத்தே தீரவேண்டும் என்று அரசு சொல்வது அறமா? வண்டிக் காப்பீட்டுக்கான நியாயம் எளிது. வண்டி மோதுவது இன்னொருவர் மீது. அந்த இன்னொருவரைக் காக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. நோய் அப்படியல்ல, அவரவர் உடம்போடு நிற்பது, அதில் அரசுக்கு என்ன வேலை என்பது பழைய கேள்வி.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அமெரிக்கா ஏறத்தாழ பத்தாண்டு மல்லுக்கட்டியது. 2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், ஏற்கெனவே நோய் உள்ளவருக்குக் காப்பீடு மறுக்கக்கூடாது என்று நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. அப்படி ஆணையிட்டதும் மறுபக்கம் ஒரு ஓட்டை விழுகிறது. நோய் வந்தபிறகு சேர்ந்துகொள்ளலாம் என்று நலமாக இருப்பவர் எல்லோரும் ஒதுங்கி நின்றால், உள்ளே நோயாளிகள் மட்டுமே இருப்பார்கள், பிரீமியம் எகிறும், திட்டம் கவிழும். ஆகவே எல்லோரும் சேரவேண்டும், சேராதவர் அபராதம் கட்டவேண்டும் என்றது சட்டம். 2012இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது, காப்பீடு வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியுமென்றால் நாளைக்கு ப்ரோக்கோலி வாங்கச் சொல்லியும் கட்டாயப்படுத்தலாமே என்று நீதிபதி ஸ்காலியா கேட்டார். கேலியாகக் கேட்டாலும் கேள்வி கனமானதுதான். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சட்டம் பிழைத்தது. அந்த அபராதத்தை ஒரு வரியாகக் கொள்ளலாம் என்பது தீர்ப்பு. 2017 டிசம்பரில் வந்த வரிச்சட்டம் அபராதத்தைச் சுழியமாக்கியது, 2019 முதல் நடைமுறையில். கட்டாயம் காகிதத்தில் இருக்கிறது, பல் இல்லை.

ஸ்காலியாவின் கேள்விக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பதில் இருக்கிறது. அது மொய் நோட்டு. காதுகுத்து, கல்யாணம், சடங்கு எதுவானாலும் வந்த மொய்யைப் பேர், ஊர், தொகை போட்டு எழுதி வைப்பதும், முறை வரும்போது கூடுதலாகப் போட்டுத் திருப்புவதும் இங்கே சட்டம் எழுதாத கட்டாயம். திருப்பாதவருக்கு அபராதம் இல்லை, அவமானம் உண்டு. ‘எனக்கு விருப்பமில்லை’ என்று மொய்யிலிருந்து விலகி நின்றவரை எந்த ஊரும் சுதந்திரச் சிந்தனையாளர் என்று கொண்டாடியதில்லை. கட்டாயப் பங்களிப்பு நம் மனத்துக்கு அந்நியமே இல்லை. ஆனால் மொய்யில் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று முகம் தெரியும். மருத்துவக் காப்பீட்டில் சின்னமனூர்க்காரர் கட்டும் பணம், அவர் பார்த்தேயிராத தர்மபுரிக்காரரின் இதய அறுவைக்குப் போகும். முகம் தெரியாதவருக்கு மொய் வைக்கச் சொல்லும்போதுதான் அரசு தேவைப்படுகிறது. அரசு உள்ளே வந்ததும் சந்தேகமும் வந்துவிடுகிறது.

அந்தச் சந்தேகத்தைத் தாண்டி இந்தியாவில் கட்டாயம் எப்போதோ வந்தாயிற்று. 1948இன் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டத்தில் தொடங்கிய திட்டம், ஊர் வழக்கில் ஈ.எஸ்.ஐ., நூற்பாலைத் தொழிலாளியைக் கேட்டுக்கொண்டு அவர் சம்பளத்தில் கை வைப்பதில்லை. 2019 முதல் தொழிலாளி பங்கு 0.75 விழுக்காடு, முதலாளி பங்கு 3.25 விழுக்காடு. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குவோருக்கு இது பொருந்தும். தமிழக அரசு ஊழியர், ஆசிரியர் சம்பளத்திலும் மாதம் 300 ரூபாய் பிடித்தமாகிறது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலக முடியாது. அவர்களின் குறையும் ஊரறிந்தது: பிடித்தம் மாதம் தவறாமல் நடக்கிறது, படுக்கையில் விழுந்தபிறகு அந்த மருத்துவமனை பட்டியலில் இல்லை, முதலில் கையிலிருந்து கட்டுங்கள் என்கிறார்கள். கட்டாயமாக வாங்குகிறவர் கட்டாயமாகக் கொடுக்கவும் வேண்டும். இதில் தவறினால் அந்தப் பிடித்தத்துக்கு அற நியாயம் இல்லை. மனமுவந்து சேரும் திட்டத்தில் ஏமாந்தவர் அடுத்த ஆண்டு வெளியேறலாம். கட்டாயத் திட்டத்தில் அந்த வாசல் அடைத்திருப்பதால், நடத்துகிறவரின் கடமை இரட்டிப்பாகிறது.

ஏழைகளுக்குத் தமிழகம் வேறு வழி கண்டது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. ஆட்சியும் பெயரும் மாறின, அட்டை நின்றது. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு இன்று ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பயனாளியிடம் எதுவும் பிடிக்காததால் கட்டாயம் என்ற பேச்சும் எழவில்லை.

இத்தோடு பிரச்சினை தீர்ந்ததா? அட்டை ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும். படுக்கையில் கிடக்கும் பத்து நாளுக்கான கூலியை யார் கட்டுவது? அன்றாடக் கூலிக்கு மலைக்குப் போகிறவருக்கு நோய் இரண்டு தடவை செலவு வைக்கிறது, மருந்தில் ஒரு தடவை, விடுபட்ட கூலியில் ஒரு தடவை. ஈ.எஸ்.ஐ.யில் உள்ள நூற்பாலைத் தொழிலாளிக்கு ஆண்டில் 91 நாள் வரை, சராசரிக் கூலியில் 70 விழுக்காடு நோய்க்கால உதவி உண்டு. அதே தெருவில் குடியிருந்து ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவருக்கு ஒன்றுமில்லை. ஆகவே காய்ச்சலோடு ஜீப் ஏறுகிறார்.

கட்டாயக் காப்பீட்டுக்கு ஆதரவாக அமெரிக்காவில் வைத்த வலுவான வாதம் இங்கே செல்லாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1986 முதல் அங்கே அவசர சிகிச்சைப் பிரிவு யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. காப்பீடு இல்லாதவர் கட்டாத பில், காப்பீடு உள்ளவரின் பில்லில் ஏறுகிறது. எனவே ஒதுங்கி நிற்பவர் பிறர் செலவில் வாழ்கிறார் என்றனர். அந்த வாதத்தை எடுத்துவந்து தேனி மாவட்டத்தின் கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வரிசையில் நிற்பவர் மீது வைப்பது அநியாயம். சோப்பிலும் செருப்பிலும் வரி கட்டி அந்தக் கட்டடத்துக்கான தன் பங்கை அவர் முன்கூட்டியே செலுத்திவிட்டவர். அவரைப் பார்த்து ‘ஓசி வைத்தியம்’ என்று சொல்லும் வாய்கள் நம் ஊரில் நிறைய. அந்தச் சொல்லைக் கைவிடுவது நல்லது.

கட்டாயத்தின் பாரம் யார் தோளில் இறங்கவேண்டும் என்பதில் நம் சட்டம் ஒரு விசித்திரம் செய்திருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தோட்டத் தொழிலை ஈ.எஸ்.ஐ.க்குள் கொண்டுவர வழி திறந்தது. ஆனால் தோட்ட முதலாளி விரும்பினால் மட்டும். நூற்பாலைத் தொழிலாளிக்கும் அவர் முதலாளிக்கும் இல்லாத விருப்ப உரிமை, ஏலத்தோட்ட முதலாளிக்கு இருக்கிறது. தொழிலாளியின் விருப்பத்தை இந்த இடத்திலும் யாரும் கேட்கவில்லை. சுதந்திரத்தின் பெயரால் கட்டாயத்தை எதிர்ப்பவர்கள், அந்தச் சுதந்திரம் கடைசியில் யார் கையில் போய்ச் சேர்கிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான இடம் கிடைக்காது.

இப்படி ஒரு சட்டம் ஏன் இப்படியே நிற்கிறது என்று கேட்டால் பேச்சு வாக்குச் சாவடிக்குப் போகிறது. நோய்க்கும் ஓட்டுக்கும் உள்ள உறவைத் தேனி மாவட்டத்துக்காரருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1984 டிசம்பரில் எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தார். தொகுதிப் பக்கமே வராத அவரை ஆண்டிபட்டி ஜெயிக்கவைத்தது. 2002 முதல் 2011 வரை அதே ஆண்டிபட்டி ஜெயலலிதாவின் தொகுதி. 2004இல் பக்கத்தில் கானாவிலக்கில் மருத்துவக் கல்லூரி. முதலமைச்சர் தொகுதி என்பதால் கிடைத்தது என்று ஊரார் ஒளிவில்லாமல் சொல்வார்கள். பெருமைதான். ஆனால் எல்லாத் தொகுதிக்கும் முதலமைச்சர் கிடைக்கமாட்டார்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தின் கதை இதற்கு நேர் எதிர். ஒபாமா சட்டத்தால் அங்கே சில லட்சம் ஏழைகளுக்கு முதல்முறையாகக் காப்பீடு கிடைத்தது. 2015 நவம்பர் ஆளுநர் தேர்தலில், அந்த ஏற்பாட்டைக் கலைப்பேன் என்று சொன்ன மேட் பெவின் ஜெயித்தார். ஓட்டுப் போட்டவர்கள் பத்தில் மூன்று பேர். நான்கு ஆண்டு கழித்து, கூடுதலானோர் வாக்களித்த தேர்தலில், ஆண்டி பெஷியர் சுமார் 5,000 வாக்கு வித்தியாசத்தில் பெவினை வீழ்த்தினார். காப்பீட்டைக் குறைக்கத் தீட்டிய திட்டத்தைப் பதவியேற்ற கையோடு ரத்து செய்தார்.

அப்படியானால் ஓட்டையும் கட்டாயமாக்கிவிடலாமா? ஆஸ்திரேலியா 1924 முதல் அப்படித்தான் நடத்துகிறது. குஜராத்தும் உள்ளாட்சித் தேர்தலுக்கு அப்படி ஒரு சட்டம் போட்டுப் பார்த்தது. 2014இல் ஆளுநர் ஒப்புதல் கிடைத்து, 2015இல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. காப்பீட்டுக்குச் சொல்லும் நியாயத்தை இதற்கு அப்படியே நீட்ட முடியாது. பிரீமியம் கட்டாமல் இருப்பது எதையும் சொல்வதில்லை. ஓட்டுப் போடாமல் இருப்பது சில நேரம் உரக்கப் பேசும். பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து 2024இல் தேர்தலைப் புறக்கணித்த ஏகனாபுரத்து மக்களைச் சோம்பேறிகள் என்று யார் சொல்வார்? நோட்டா இருக்கிறதே என்பார்கள். 2013 முதல் இருக்கிறது. யாரையும் பிடிக்கவில்லை என்று சொல்ல அது உதவும். இந்த ஏற்பாட்டையே ஏற்கவில்லை என்று சொல்ல அதில் இடமில்லை.

இன்னொரு தடையும் உண்டு. 2019 ஏப்ரலில் ஆண்டிபட்டியில் வருமான வரித்துறை 1.48 கோடி ரூபாயைக் கைப்பற்றியது. வார்டு வாரியாகக் கட்டிய பொட்டலங்களில் ஓட்டுக்கு 300 ரூபாய் என்று எழுதியிருந்தது. பணம் இவ்வளவு நடமாடும் இடத்தில், வாக்குப்பதிவு விழுக்காட்டை மட்டும் வைத்து அக்கறையை அளக்க முடியாது. கட்டாயம் வந்தால் வரிசை நீளும். வரிசையில் நிற்பவரின் எண்ணம் அதனால் மாறிவிடாது.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் வாக்குப்பதிவு 69.72 விழுக்காடு. தேனித் தொகுதியிலும் பத்தில் ஏழு பேர் போட்டார்கள். தென் சென்னையிலும் மத்திய சென்னையிலும் ஏறக்குறைய பாதிப் பேர் வரவில்லை. அமெரிக்காவில் ஏழைகள் குறைவாக ஓட்டுப் போடுகிறார்கள், நம் ஊரில் வசதியானவர்கள். தனியார் காப்பீடும் தனியார் பள்ளியும் வைத்திருப்பவருக்கு அரசு ஆஸ்பத்திரி வரிசையும் வேண்டாம், வாக்குச்சாவடி வரிசையும் வேண்டாம் என்று ஆகிவிடுகிறதோ என்னவோ. எந்தச் சேவையிலிருந்து தான் விலகிவிட்டாரோ அதன் தரத்தைப் பற்றி ஒருவருக்கு அக்கறை இருக்காது. அபராதம் போட்டு அந்த அக்கறையை வரவழைக்கவும் முடியாது.

பள்ளத்தாக்கில் ஓட்டுப் போடாத மீதி மூன்று பேரில் அக்கறையற்றவர்களும் இருப்பார்கள். ஆனால் எல்லோரையும் அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. 2024இல் தமிழகத்தில் ஏப்ரல் 19, கேரளத்தில் ஏப்ரல் 26 வாக்குப்பதிவு. தேனியில் ஓட்டு நடந்த நாள் இடுக்கியில் வேலைநாள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு அன்றாடக் கூலிக்கும் சம்பளத்தோடு விடுமுறை தருகிறது. எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாமல் இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம் என்று போகிறவர் அந்தச் சம்பளத்தை யாரிடம் கேட்பார்? அவருக்கு ஓட்டுரிமையின் விலை ஒருநாள் கூலி. ஓட்டுப் போடாததற்கு அவர் மீது அபராதமும் விதித்தால், போட்டாலும் தண்டனை, போடாவிட்டாலும் தண்டனை, அதுவும் குற்றம் செய்தவர் வேறொருவராக இருக்கையில்.

ஆகவே ஓட்டில் கட்டாயம் வேண்டாம், காப்பீட்டில் வேண்டும். அந்தக் கட்டாயமும் காய் எடுப்பவரின் கூலியில் தொடங்கக்கூடாது. 1996இன் சட்டம் தொடங்கிவைத்தபடி கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு நலவரியாகப் பிடித்துக் கட்டடத் தொழிலாளர் நல வாரியங்களுக்குத் தருகிறார்கள். ஏலக்காய்க்கு அதைவிட எளிது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் போடிநாயக்கனூரிலும் இடுக்கியின் புற்றடியிலும் நடக்கிறது. சரக்கு கைமாறும் அந்த இடத்திலேயே ஒரு சிறு பங்கைக் காப்பீட்டுக்காகப் பிடித்தால், தொழிலாளி எந்தத் தோட்டத்தில், எந்த மாநிலத்தில் காய் எடுத்தார் என்ற கேள்வியே எழாது. ஏலத்துக்கு வராமல் வெளியில் விற்கும் சரக்கு தப்பிக்கும் என்பது உண்மை. அதற்கு வேறு கண்காணிப்பு வேண்டும். விலை விழுந்தால் சிறு விவசாயி தாங்கமாட்டார் என்பார்கள். 2019இல் கிலோ 7,000 ரூபாய் வரை ஏறிய காய், சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியதை இந்தப் பகுதி பார்த்திருக்கிறது. விழுக்காட்டுக் கணக்கில் பிடித்தால் விலை இறங்கும்போது வரியும் இறங்கும்.

இதை ஒன்றிய அரசும் தமிழக, கேரள அரசுகளும் சேர்ந்துதான் செய்ய முடியும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், நோயில் படுத்த நாளுக்குக் கூலி உண்டா என்று பள்ளத்தாக்குக்காரர்கள் கேட்கட்டும். மலைக்கு அப்பால் இருக்கும் தோட்டத் தொழிலாளர்களும் தங்களிடம் வரும் வேட்பாளரிடம் அதே கேள்வியைக் கேட்கட்டும்.