அலைக்கற்றை எவர் உடைமை?

கொழும்பிலிருந்து கண்டிக்கும் துணுக்காய்க்கும் கடிதம் ஒரே விலை முத்திரையிற் செல்கின்றது. தொலைவில் வாழ்வோர் கூடுதல் விலை கொடுக்கவேண்டியதில்லை என்பது அதன் அறம். தொலைபேசிக்கும் அது பொருந்துமா?

2009 இன் இறுதியில் எம்மவர் இங்கு மீளக் குடியேறத் தொடங்கியபோது, நாட்டிற் கையடக்கத் தொலைபேசிக் கம்பனிகள் ஐந்து இருந்தன. போட்டியால் விளைந்த நன்மையை மறுத்தல் நேர்மையன்று. பின்னர், 2018 இல் எற்றிசலாற்றை ஹச் வாங்கிற்று. 2024 இல் எயார்டெல் டயலொக்குடன் இணைந்தது. ஐந்து மூன்றாயின. இனிச் சந்தையின் கண்ணுக்கு ஏ9 வீதியோரமே முதலில் தெரியும். மாங்குளத்திலிருந்து மேற்கே பிரியும் எம் வீதி பின்னரே தெரியும்.

நிமிடத்துக்குக் கட்டணம் எங்கும் ஒன்றே. ஆயினும் வெளிநாட்டு மகனுடன் பேச என் அம்மம்மா குளக்கட்டில் ஏறி நிற்கவேண்டியுள்ளது. மழைக்காலத்திற் பேச்சே இல்லை.

நட்டத்துக்கு எவர் வணிகம் செய்வார் என்பர். மெய்தான். ஆனால் கோபுரம் கம்பனியுடையதாயினும் அலைக்கற்றை பொதுமக்களுடையது. உரிமம் பெற்றே அதனைப் பயன்படுத்துகின்றனர். காட்டோர வீட்டுக்கும் குரல் எட்டவேண்டும் எனக் கேட்பது இரத்தலன்று. உடையவர் வாடகை கேட்பது போன்றது. எம் சார்பிற் கேட்கவேண்டிய தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 1996 முதல் இருந்துவருகின்றது.